ஏரிக்கரையில் முன்னால் நடப்பவர்

என் மனைவியைப் பார்த்து நான் பொறாமைப்பட்டேன். இதை எழுத உட்கார்ந்து மூன்று தடவை வேறு மாதிரித் தொடங்கிக் கிழித்துப் போட்டேன். மூன்றிலும் ஏரி வந்தது, பனி வந்தது, பறவை வந்தது, பொறாமை மட்டும் வரவில்லை. அதனால் முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரன் மேல் பொறாமைப்படலாம், கூட வேலை பார்த்தவன் மேல் படலாம், உலகம் ஒத்துக்கொள்ளும். முப்பத்து நாலு வருடமாக எனக்குச் சோறு போடுகிறவள் மேல் பொறாமை என்றால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

எங்கள் ஊர் அரியலூருக்குத் தெற்கே. ஊரை ஒட்டிப் பெரிய ஏரி. பறவைகள் சரணாலயம் என்று பலகை வைத்து வெகுகாலம் ஆகிறது. ஏரியின் பெயரை எழுதவில்லை. எழுதினால் வனச்சரகர் யார், காவலர் யார் என்று விசாரிக்க ஆரம்பித்துவிடுவீர்கள். அவர்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. தப்பு முழுக்க என்னுடையது.

நான் ஆலத்தியூர்ப் பக்கம் ஒரு சிமெண்டு ஆலையில் எடைமேடை எழுத்தராக இருந்தவன். லாரி வந்து மேடையில் நிற்கும், லாரி எண்ணையும் எடையையும் எழுதுவேன், லாரி போய்விடும், அடுத்தது வரும். இப்படியே ஒரு ஆயுள். ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்ததும் எழுதிப் பழகிய கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. மகள் ஒரு பைனாகுலரும் பறவைகள் பற்றிய ஒரு புத்தகமும் வாங்கிக் கொடுத்தாள். காலையில் ஏரிக்கரையில் நடந்து, பார்த்த பறவையையெல்லாம் நோட்டில் எழுத ஆரம்பித்தேன். மேலே பறப்பது, மரத்தில் உட்கார்ந்திருப்பது, தண்ணீரில் மிதப்பது எல்லாம் எழுதுவேன். ஆறு வருடத்தில் ஊரில் என் பெயரே மாறிவிட்டது. டீக்கடையில் 'பறவை சார்' என்றார்கள். திருச்சியிலிருந்து எவனாவது கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்தால் நேராக என் வீட்டுக்குத்தான் அனுப்புவார்கள். உத்தியோகத்தில் இருந்தவரைக்கும் என்னை எவரும் தேடி வந்தது கிடையாது. லாரி டிரைவர்கள் வந்தது எடைச்சீட்டுக்காக. ஆகவே இந்தச் சின்னப் பெருமையை நான் எவருக்கும் பங்கு வைப்பதாக இல்லை.

ஆறாவது வருடம் தையில்தான் என் மனைவிக்குச் சர்க்கரை என்று தெரிந்தது. அரியலூர் ஆஸ்பத்திரியில் மாத்திரை எழுதிக் கொடுத்து, தினமும் முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

"எங்க நடக்கறது? ரோட்டுல கால வச்சா லாரிக்காரன் ஏத்திடுவான்" என்றாள். பிறகு அவளே, "உங்க கூட ஏரிக்கு வந்துடறேன்" என்றாள்.

வேண்டாம் என்று சொல்வதற்கு எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

நல்ல நடைக்கு அந்தக் கரையைப் போல் ஒரு இடம் கிடைக்காது. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் வயல். மூச்சு வாங்காது, முள் குத்தாது. மதகு வரை போய்த் திரும்பினால் டாக்டர் சொன்ன முக்கால் மணி நேரம் சரியாக முடியும். முதல் ஒரு வாரம் அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி, ஏதோ பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவளைப் போல நடந்தாள். பறவைப் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கு நிம்மதி. கூழைக்கடாவைக் காட்டி நானாக இரண்டு வார்த்தை விளக்கம்கூடச் சொன்னேன். "ம்" என்று கேட்டுக்கொண்டாள்.

மாசியில் ஏரித் தண்ணீர் உள்வாங்கி, ஓரத்தில் சேறு தெரிய ஆரம்பித்தது. சேறு வந்தால் உள்ளான்கள் வரும். உள்ளானைப் போல ஒரு பறவைக்காரனைப் படுத்துகிற பிறவி வேறு கிடையாது. எல்லாம் ஒரே அளவு, ஒரே பழுப்பு, ஒரே நீள மூக்கு. புத்தகத்தில் பத்துப் படம் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருப்பான், பத்தும் ஒன்றுபோலவே இருக்கும். நான் வழக்கமாக 'உள்ளான், சில' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவேன். அன்றைக்கு மதகுக்கிட்ட நின்று புத்தகத்தையும் பறவையையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இது மஞ்சக்காலு" என்றாள் இவள். "அந்தாண்ட நிக்கிறது பச்சக்காலு. ரெண்டும் வேற வேற. மஞ்சக்காலு நின்னாலும் பின்னாடிய ஆட்டிகிட்டே இருக்கும் பாருங்க."

பைனாகுலரை வைத்துப் பார்த்தேன். ஒன்றின் கால் மஞ்சள். இன்னொன்றின் கால் பச்சை. மஞ்சள் காலுக்காரன் வாலை ஆட்டிக்கொண்டிருந்தான். புத்தகத்தில் தேடினால் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர், கீழே காலின் நிறத்தையும் குறித்திருந்தான். ஆறு வருடமாக அந்தப் பக்கத்தைப் புரட்டியிருக்கிறேன், அந்த வரியை நான் படித்ததே இல்லை.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நடவு நடறப்ப என்னத்தப் பாக்குறது? குனிஞ்சா பொழுதுக்கும் குனிஞ்சதுதான். இதுவோ சேத்துல நம்ம கைக்குக் கிட்டயே பூச்சி பொறுக்கும். தல தெரியாது, முதுகு தெரியாது, நாத்துக்கு இடையில காலுதான் தெரியும்."

"நிமிர்ந்து பார்க்க வேண்டியதுதானே?"

"நிமிந்தா பக்கத்துக்காரி முந்திடுவா. அப்பறம் என் வரிசை நடுவுல நிக்கும், எல்லாரும் கேலி பண்ணுவாளுவோ."

எங்களுக்கு இருப்பது கொஞ்ச நிலம்தான். இவர்கள் வயலுக்கு அவர்கள், அவர்கள் வயலுக்கு இவர்கள் என்று பெண்கள் ஆள் மாற்றி நடவு நடுவார்கள். பின்னுக்கு நகர்ந்துகொண்டே நட வேண்டும். ஒருத்தி நிமிர்ந்தால் அவள் வரிசை பிந்திவிடும். நான் ஆலையில் லாரி எண் எழுதிக்கொண்டிருந்த அத்தனை வருடமும் இவள் சேற்றில் குனிந்து பறவைக் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அதை ஒரு நாளும் என்னிடம் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை.

வீட்டுக்கு வந்து நோட்டில் இரண்டு பெயரையும் எழுதினேன். யார் பார்த்தது என்று எழுதவில்லை.

இதோடு நின்றிருந்தால் வீட்டோடு போயிருக்கும். ஏரியில் ஒரு காவலர் இருந்தார், வேட்டையைத் தடுக்கிறவர், எங்கள் ஊர்க்காரர்தான். அவர் காதில் இது விழுந்துவிட்டது. மறுநாளே, "அக்கா, இத கொஞ்சம் பாருங்க" என்று இவளை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார். சேற்றில் பதிந்திருந்த காலடியைக் காட்டினார். இவள் குனிந்து பார்த்து, "இது கொக்கு இல்ல, நார. வெரலு பாரு எம்மாம் நீளம்" என்றாள். அவர் திரும்பி என்னிடம், "சார், நீங்க எழுதிக்குங்க" என்றார்.

நீங்க எழுதிக்குங்க. அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆலையை விட்டு வந்தவனை மறுபடியும் எடைமேடையில் உட்கார வைத்துவிட்டார்கள். பறவை வரும், இவள் சொல்வாள், நான் எழுத வேண்டும்.

அப்புறம் நான் செய்ததெல்லாம் வெளியில் சொல்லக் கூடியது அல்ல, ஆனாலும் சொல்கிறேன். அவள் எழுந்திருக்கும் முன்பே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிப் பார்த்தேன். அவள் பின்னாலேயே கிளம்பி வந்து சேர்ந்தாள், காவலரோடு பேசிக்கொண்டே. வேகமாக நடந்து பார்த்தேன். அவளுக்கு அது நல்லதாகப் போயிற்று, டாக்டரும் வேகமாகத்தான் நடக்கச் சொல்லியிருந்தார். பைனாகுலரை அவள் கையில் கொடுத்து, இதில் பார்த்துச் சொல் பார்க்கலாம் என்றேன், தடுமாறுவாள் என்ற நினைப்பில். ஒரு நிமிஷம் வைத்துப் பார்த்துவிட்டு, "கண்ணு கூசுது, நீங்களே வச்சுக்குங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். நானும் கால்களைப் பார்க்கப் பழகினேன். எல்லாக் காலும் எனக்குக் குச்சியாகவே தெரிந்தது.

அவளுக்குத் தெரியாத சமயமும் உண்டு. கால் முழுக்கச் சேறு அப்பியிருந்தால், "தெரியல, சேறா இருக்கு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவாள். எனக்குத் தெரியாதபோது நான் ஒரு நாளும் தெரியாது என்று சொன்னதில்லை. எதையாவது அழுத்திச் சொல்லிவிடுவேன். காவலருக்கு அவள் 'தெரியல' என்று சொல்வதுகூடப் பிடித்துப் போயிற்று. "அக்கா தெரிஞ்சாத்தான் சொல்லும்" என்று டீக்கடையில் பெருமை பேசினார். நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

பங்குனித் தொடக்கத்தில் புதிதாக ஒரு வனச்சரகர் வந்தார். பெரம்பலூர்ப் பக்கத்துப் பையன், என் மகளைவிட வயது குறைவு. காவலர் சொல்லி, எங்களோடு ஒரு காலை நடந்தார். மதகைத் தாண்டி எதிர்வெயிலில் ஒரே ஒரு உள்ளான் தனியாக நின்றது. இவள் சொல்லும் முன்பே நான் முந்திக்கொண்டேன்.

"பச்சைக்காலி சார்" என்றேன்.

அவர் கேமராவைத் தூக்கினார். "அம்மா, நீங்க என்ன சொல்றீங்க?"

இவள் என்னைப் பார்த்தாள். சொல்லலாமா என்று கேட்பது போல இருந்தது அந்தப் பார்வை. நான் வயல் பக்கம் திரும்பிக்கொண்டேன். "செவப்புக்காலு மாதிரி இருக்குங்க சார். நட குலுங்குது" என்று மெல்லச் சொன்னாள்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். சிவப்புத்தான், பவளம் போலச் சிவப்பு. "பவளக்காலி. கடலோரமா திரியிறது. இந்தப் பக்கம் நான் பாத்ததே இல்லீங்கம்மா" என்று கும்பிட்டார். கும்பிட்டது அவளை. நான் நோட்டில் 'பவளக்காலி, ஒன்று' என்று எழுதினேன். அழுத்தி எழுதியதில் தாள் கிழிந்துவிட்டது.

இவள் வீட்டுக்கு வந்து இதைப் பற்றி மூச்சு விடவில்லை. பக்கத்து வீட்டில் சொல்லவில்லை, மகளிடம் போனில் சொல்லவில்லை. கத்தரிக்காயை நறுக்கிப் போட்டுக் குழம்பு வைத்தாள். ஜெயித்ததாகவே அவளுக்குத் தோன்றவில்லை. கொஞ்சம் பெருமை அடித்திருந்தால்கூட நான் சண்டை போட்டு ஆறியிருப்பேன். சண்டைக்கும் வழியில்லாமல் வயிறு எரிந்துகொண்டே இருந்தது. இவ்வளவு நாள் சேர்த்து வைத்த ஒரே ஒரு பெருமையை, கேட்காமலே கொள்ளாமலே, ஒருத்தி குனிந்து எடுத்துக்கொண்டு போகிறாளே என்று இருந்தது.

ஆடியில் மகளுக்கு இரண்டாவது பிரசவம். மூத்த பிள்ளையின் பள்ளிக்கூடம் கெடக் கூடாது என்று அவள் பாடாலூரில் தன் வீட்டிலேயே இருந்துகொண்டாள். இவள்தான் துணிமணியை மூட்டை கட்டிக்கொண்டு அங்கே போனாள். பேத்தி பிறந்த சந்தோஷம் எனக்கும் உண்டு, பொய் சொல்லவில்லை. ஆனால் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பியபோது, ஏரி மறுபடி எனக்கே எனக்கு என்று நினைத்துக்கொண்டுதான் வண்டியை ஓட்டினேன்.

அவள் இல்லாத அந்த இரண்டு மாதத்தில்தான் கரைப்பாதையைச் சீர் செய்தார்கள். புல்லைச் செதுக்கி, கிராவல் பரப்பி, உட்கார இரண்டு சிமெண்டு பெஞ்சு போட்டார்கள். தொடக்கத்தில் ஒரு பலகை. 'இயற்கை நடைபாதை. எளிய நடை. முதியோரும் சிறுவரும் நடக்கலாம்' என்று எழுதி, கீழே ஒரு கடற்சங்கின் படம். இந்த மாவட்டமே ஒரு காலத்தில் கடலாக இருந்ததாம். ஆலைச் சுரங்கத்தில் சுண்ணாம்புக் கல்லை உடைத்தால் உள்ளே கிளிஞ்சல் இருக்கும், நானே எத்தனையோ பார்த்திருக்கிறேன். கடல் போய்விட்டது, கடலோரப் பறவைகள் மட்டும் பழைய விலாசத்துக்கு வந்துபோகின்றன என்று வனச்சரகர் அழகாகச் சொல்வார்.

ஒரு நாள் என்னை அரியலூர் ஆபீசுக்கு வரச் சொன்னார். மேஜை மேல் புதுசாக ஒரு பச்சைத் தொப்பி இருந்தது.

"சார், ஞாயித்துக்கெழமையில ஜனங்கள நடைக்குக் கூட்டிட்டுப் போகலாம்னு இருக்கோம். முன்னால நடந்து சொல்லிக் குடுக்க ஊர்க்காரங்க ஒருத்தர் வேணும்" என்றார்.

நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆறு வருடமாக இதற்குத்தானே நடந்தேன் என்று மனசு சொன்னது.

"அம்மாவக் கேக்கலாம்னு இருக்கேன்" என்றார் அவர். "பறவையோட கால வச்சுச் சொல்றாங்கல்ல, அது எல்லாருக்கும் புடிக்கும் சார். நீங்க கூட இருந்து பேரு எடுத்துக் குடுங்க."

"அவளால முடியாதுங்க சார்."

"ஏங்க?"

"முட்டி" என்றேன். "ரெண்டு முட்டியும் தேஞ்சு போச்சுங்க. இப்ப வூட்டுக்குள்ளயே செவுத்தப் புடிச்சுகிட்டுத்தான் நடக்குறா."

எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, தங்கு தடையில்லாமல் வந்தது. சொல்லி முடித்தபோது எனக்கே அவள் மேல் இரக்கமாக இருந்தது. வனச்சரகர் உச்சுக்கொட்டினார். "அப்ப நீங்களே பண்ணிடுங்க சார்" என்று தொப்பியை என் பக்கம் தள்ளினார். அந்த நேரத்தில் அவள் பாடாலூரில் பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு படி ஏறி இறங்கிக்கொண்டிருந்திருப்பாள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை பத்துப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். ஜெயங்கொண்டத்திலிருந்து ஒரு குடும்பம், ஒரு ஆசிரியை, வரதராஜன்பேட்டையிலிருந்து இரண்டு வயதானவர்கள். நான் தொப்பியைப் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தேன். பலகைக்கிட்ட நிறுத்தி, "நீங்க நிக்கிறது ஒரு கடற்கரை" என்று ஆரம்பித்தேன். எல்லாரும் காலடியைப் பார்த்தார்கள். ஆகா, அந்த ஒரு நிமிஷம்! என் கல்யாணத்தில்கூட அத்தனை பேர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதாக நினைவில்லை. உள்ளான்கள் இருக்கும் பக்கம் போகாமல், பெரிய பறவைகளாகப் பார்த்துக் காட்டி ஒப்பேற்றிவிட்டேன்.

காவலருக்கும் விஷயம் போய்விட்டது. கொல்லிமலைக்குப் போன யாரிடமோ சொல்லி முடவாட்டுக்கால் கிழங்கு வாங்கி வந்து என் வண்டியில் வைத்தார். "அக்கா வந்ததும் சூப்பு வச்சுக் குடுங்க சார், முட்டிக்கு நல்லது" என்றார். ஆட்டுக்கால் போல மயிர் மயிராக இருக்கும் அந்தக் கிழங்கை வீட்டில் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அவள் வருவதற்குள் நானே சூப் வைத்து மூன்று நாள் குடித்துத் தீர்த்தேன்.

புரட்டாசிக் கடைசியில் அவள் திரும்பி வந்தாள். தொப்பியை எடுத்துப் பார்த்தாள். என் தலையில் வைத்து, சரியாக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. ஆபீசர் மாதிரி இருக்கீங்க" என்றாள். மறுநாள் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றவளை, "ரெண்டு நாள் அலுப்பு தீரட்டும், அப்புறம் வா" என்று நிறுத்தினேன். அடுத்த நாள் மழை வரும் போலிருக்கிறது என்றேன். அதற்கடுத்த நாள் வேறு ஏதோ. இப்படியே சனிக்கிழமை வரை இழுத்துவிட்டேன். அதற்குமேல் என்ன செய்வது என்று நான் யோசிக்கவில்லை. பொய் சொல்கிறவன் அடுத்த வாரத்தை யோசிப்பதில்லை என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவசரத்தில் மூக்குக் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டேன். அது இல்லாமல் என்னால் என் நோட்டையே படிக்க முடியாது. பெஞ்சுக்கிட்ட கூட்டத்தை நிறுத்திவிட்டு, சட்டைப்பை, கால்சட்டைப்பை எல்லாம் தடவிக்கொண்டிருந்தேன். அன்றைக்குப் பார்த்து வனச்சரகரும் வந்திருந்தார். பின்னால் யாரோ வேகமாக நடந்து வருகிற சத்தம் கேட்டது. கிராவலில் நல்ல உறுதியான நடை. கண்ணாடிக் கூட்டைக் கையில் பிடித்துக்கொண்டு இவள் வந்து நின்றாள். மூச்சுக்கூட வாங்கவில்லை.

"மறந்துட்டு வந்துட்டீங்க" என்று நீட்டினாள்.

வனச்சரகர் திரும்பினார். முகமெல்லாம் சந்தோஷம். "அம்மா! முட்டி இப்ப எப்படிங்க இருக்கு? நடந்தே வந்துட்டீங்களா?"

இவள் அவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். என் தலையில் இருந்த தொப்பியைப் பார்த்தாள். எல்லாம் ஒரு கண் சிமிட்டும் நேரம்.

"எங்கங்க சார்" என்றாள். கை தானாக வலது முட்டிக்குப் போயிற்று. "கண்ணாடி இல்லாம இவரு கஷ்டப்படுவாரேன்னு பல்லக் கடிச்சுகிட்டு வந்துட்டேன். நான் வரேங்க."

திரும்பி நடந்தாள். வலது காலை ஊன்றி, இழுத்து, ஊன்றி, இழுத்து. வனச்சரகர், "வண்டியில விட்டுடறேன்மா" என்று கூப்பிட்டார். "வேணாங்க சார், நடந்தாத்தான் சர்க்கரைக்கு நல்லது" என்று திரும்பாமலே சொன்னாள்.

ஏரிக்கரையில் மறைவு என்று ஒன்று கிடையாது. நடுவில் ஒரு மரம்கூட இல்லை. திருப்பம் வரும் வரைக்கும் நடக்கிறவர் எல்லார் கண்ணிலும் பட்டுக்கொண்டே இருப்பார். ஆகவே அவள் திருப்பம் வரை நொண்ட வேண்டியிருந்தது. நாங்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். வரதராஜன்பேட்டைப் பெரியவர், "பாவம், நல்ல பொம்பள" என்றார். ஆசிரியை, "சார், அவங்கள தனியா அனுப்பாதீங்க" என்றார். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நோட்டைத் திறந்தேன். ஒரு எழுத்தும் புரியவில்லை. பாதி தூரத்தில் அவள் நின்று முட்டியைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். அதையும் எனக்காகத்தான் செய்தாள்.

அப்போது எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்தது, பிறகு வந்தது. முதலில் வந்தது பொறாமைதான். ஒரு நொடியில் எல்லாம் புரிந்து, ஒரு நொடியில் முடிவெடுத்து, இவ்வளவு சரியாகச் செய்கிறாளே என்று பொறாமை. அந்த இடத்தில் நான் இருந்திருந்தால், "எனக்கு என்ன முட்டிவலி?" என்று அவளைக் காட்டிக் கொடுத்திருப்பேன். இதிலும் அவள்தான் முன்னால் நடந்தாள்.

வீட்டுக்குப் போனபோது அவள் மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். தோசைக்கல்லைப் போட்டாள். நான் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படி வாசலில் நின்றேன்.

"ஏன் அப்படிப் பண்ணின?" என்றேன். கேட்கத் தகுதியில்லாத கேள்விதான்.

"அத்தினி பேரு முன்னாடி நீங்க சொன்னது பொய்யின்னு சொல்லச் சொல்றீங்களா?"

"அந்த ஆபீசர் உன்னைத்தான் முன்னால நடக்கச் சொன்னாரு."

"அப்படியா" என்றாள். தோசையைத் திருப்பிப் போட்டாள். "ஒரு வார்த்த கேட்டிருந்தீங்கன்னா நானே முடியாதுன்னு சொல்லியிருப்பேன். எனக்கு என்னத்துக்கு அந்தத் தொப்பி? நடக்கறதுக்குத்தான வந்தேன்."

தோசையை என் தட்டில் போட்டாள். நான் சாப்பிட்டேன்.

நடக்கத்தான் வந்தாள். அந்த நடைதான் இப்போது போயிற்று. ஏரிக்கு வந்தால் நொண்ட வேண்டும். காவலர் பார்ப்பார், டீக்கடை பார்க்கும், வனச்சரகர் எந்த நேரம் வருவார் என்று சொல்ல முடியாது. சரியாகிவிட்டது என்று சொல்லலாம் என்றேன். "தேஞ்ச முட்டி எங்கங்க சரியாவும்? யாரச்சும் கேட்டா சிரிப்பாங்க" என்றாள். ஆகவே காலையில் நான் தொப்பியோடு ஏரிக்குப் போகிறேன், அவள் மொட்டை மாடிக்குப் போகிறாள். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, துணிக்கொடிக்குக் கீழே தலையைக் குனிந்து, மறுபடி தொட்டியைச் சுற்றி. முக்கால் மணி நேரம். வனச்சரகரிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை தயாராகப் போனேன். மூன்று ஞாயிற்றுக்கிழமையும் கூட்டம் என்னைச் சுற்றி நின்றது, 'நீங்க நிக்கிறது ஒரு கடற்கரை' என்று வாய் ஆரம்பித்துவிட்டது.

கார்த்திகையில் ஒரு நாள் ஏரிக்குப் போனேன், வரித்தலை வாத்துகள் வந்து இறங்கியிருந்தன. பனிமலையைத் தாண்டி வருகிறவை. ஏரிக்கே அவைதான் விருந்தாளி, அவை வந்தால் ஊரே பேசும். எண்ணி எழுதிக்கொண்டு திரும்பினேன். வண்டியை நிறுத்தும்போது மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னிக்கு என்ன வந்துச்சுங்க?"

வந்ததைச் சொன்னால் பார்க்க ஆசைப்படுவாள். வந்தால் காவலர், "அக்கா, இத பாருங்க" என்பார்.

"புதுசா ஒண்ணும் இல்ல" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "விடியக்கால வாத்து கூட்டமா வூட்டு மேலதான் கத்திகிட்டுப் போச்சு" என்றாள். "வேற ஏரிக்குப் போயிருக்கும் போல" என்று அவளே சொல்லிவிட்டு, தொட்டியைச் சுற்றி நடக்கத் திரும்பினாள்.